மூலக் கட்டுரையைப் படிக்காமல் சான்று காட்டலாமா? சந்தையியல் ஆய்வேடு எழுதுவோரிடம் ஒரு கேள்வி

கேள்வி: ஆய்வேட்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். சந்தையியலில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். இணையத்தில் கைத்தறிப் புடவை வாங்கும் பெண்கள் ஒரு விற்பனையாளரை எதை வைத்து நம்புகிறார்கள் என்பது என் தலைப்பு. ஐந்து இயல்களையும் எழுதி முடித்துவிட்டுத் துணைநூற்பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

‘விற்பனையாளர் மீதான நம்பிக்கை’ என்ற கருத்துருவை நான்கு கூற்றுகளால் அளந்திருக்கிறேன். அதன் கூட்டு நம்பகத்தன்மை, அதாவது நான்கு கூற்றுகளும் சேர்ந்து எவ்வளவு சீராக அளக்கின்றன என்ற எண், 0.77. ஆனால் ஏவிஈ என்று நாம் சொல்லும் சராசரி மாறுபாட்டு அளவு (கூற்றுகளின் மாறுபாட்டில் கருத்துரு விளக்கும் சராசரிப் பங்கு) 0.46 மட்டுமே, வழக்கமாகக் கேட்கப்படும் 0.5-ஐ எட்டவில்லை. எனவே மூன்றாம் இயலில் இப்படி எழுதியிருந்தேன்: ‘ஏவிஈ 0.5-க்குக் குறைவாக இருந்தாலும், கூட்டு நம்பகத்தன்மை 0.6-க்கு மேல் இருந்தால் ஒருங்கு ஏற்புடைமை போதுமானது என்று ஃபோர்னெல், லார்க்கர் (1981) கூறுகின்றனர்.’ ஒருங்கு ஏற்புடைமை என்றால் எல்லாக் கூற்றுகளும் ஒரே கருத்துருவையே அளக்கின்றன என்பது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாக்கியம் என்னுடையதன்று. என் துறையைச் சேர்ந்த ஒரு கட்டுரையில் கண்டதைச் சொல் மாற்றி எழுதிக்கொண்டேன். அந்தக் கட்டுரையும் இன்னொன்றைப் பார்த்து எழுதியது போலத்தான் தெரிகிறது, ஏனெனில் இரண்டிலும் சொற்கள் ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளன.

சென்ற வாரம் நூலகத்தின் வழியாக மூலக் கட்டுரை கிடைத்தது. 1981ஆம் ஆண்டு ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச் இதழில் 39 முதல் 50 வரை, பன்னிரண்டே பக்கங்கள். இரண்டு முறை படித்தும் நான் எழுதிய விதி அதில் தென்படவில்லை. ஏவிஈ 0.5-க்குக் கீழே போனால் அந்தக் கருத்துருவின் ஏற்புடைமையே கேள்விக்குரியது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நெறியாளரிடம் சொன்னபோது, ‘எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதைக் கிளற வேண்டாம்’ என்றார். அவர் என் மீது அக்கறை உள்ளவர், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஆய்வேட்டில் மொத்தம் 214 சான்றுகள் உள்ளன, அவற்றில் முழுமையாகப் படித்தவை பாதிகூட இருக்காது. அனைத்தையும் படித்தாக வேண்டுமா? மூலத்தைப் படிக்க முடியாதபோது எப்படிச் சான்று காட்டுவது முறை? 0.46 என்ற எண்ணை நான் என்ன செய்வது?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பேராசிரியர்

அம்மா, நீங்கள் மூலத்தைத் தேடிப் படித்ததே பெரிய காரியம். அந்தக் கட்டுரையை என் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் முதலில் அந்த வாக்கியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஃபோர்னெலும் லார்க்கரும் முதலில் சொல்வது நீங்கள் கண்டதுதான்: ஏவிஈ 0.5-க்குக் குறைந்தால், கருத்துரு பிடித்துக் காட்டும் மாறுபாட்டைவிட அளவீட்டுப் பிழையால் வரும் மாறுபாடு கூடுதல். இதை அடுத்து, ஏவிஈ என்பது கூட்டு நம்பகத்தன்மையைக் காட்டிலும் கண்டிப்பான அளவுகோல் என்கிறார்கள். கூட்டு நம்பகத்தன்மையை மட்டும் பார்க்கும் ஆய்வாளர், மாறுபாட்டில் பாதிக்கு மேல் பிழையாகவே இருக்கும்போதும், ஏற்புடைமை போதுமானது என்று ‘முடிவு செய்யலாம்’ என்றும் எழுதுகிறார்கள். தவறு பிறந்த இடம் இந்தச் சொல்தான். நம் மொழியில் ‘மழை வரலாம்’ என்றால் வரக்கூடும் என்று பொருள். ‘உள்ளே வரலாம்’ என்றால் அனுமதி. ஆங்கிலத்தில் அவர்கள் பயன்படுத்திய ‘may’ என்ற துணைவினைக்கும் இதே இரு பொருள் உண்டு. முன்பின் வாக்கியங்களோடு சேர்த்துப் படித்தால், கூட்டு நம்பகத்தன்மையை மட்டும் நம்பினால் இப்படி ஏமாறக்கூடும் என்ற எச்சரிக்கையாகவே அது எனக்குப் படுகிறது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிய்த்தெடுத்தவர்கள் அதை அனுமதிச் சீட்டாக மாற்றிவிட்டார்கள். 0.6 என்ற எண்ணோ அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. அது 1988இல் பகோஸியும் யீயும் எழுதிய வேறொரு கட்டுரையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, அதுவும் ஏவிஈ 0.5-ஐத் தாண்ட வேண்டும் என்று சேர்த்தே கேட்கிறது. இரண்டு கட்டுரைகளும் விலக்க விரும்பிய ஒன்றை, அவற்றின் பெயராலேயே நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதற்கு நம் துறையிலேயே அழுத்தமான ஆதாரம் இருக்கிறது. அஞ்சல் வழி ஆய்வில் பதில் அனுப்பாதவர்களால் உண்டாகும் சாய்வை (முடிவுகள் ஒரு பக்கமாகத் திரிவதை) எப்படி மதிப்பிடுவது என்று 1977இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஓவர்டனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாமதமாகப் பதில் தருபவர்கள் பதிலே தராதவர்களை ஒத்திருப்பார்கள் என்று கொண்டு, பதில்கள் வந்த முதல் அலையிலிருந்து கடைசி அலை வரை விடைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்து, அந்தப் போக்கை நீட்டிச் சாய்வின் அளவை மதிப்பிட்டு முடிவுகளைத் திருத்த வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. நாம் என்ன செய்கிறோம்? முதலில் பதில் தந்தோரையும் கடைசியில் தந்தோரையும் இரண்டு குழுவாக்கி, சராசரிகளை ஒப்பிடும் ஒரு டி-சோதனை போட்டு, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எனவே சாய்வு இல்லை’ என்று எழுதி, அவர்கள் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுகிறோம். சிறிய மாதிரியில் வேறுபாடு தென்படாமல் போவது சாய்வு இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதை முதலாண்டுப் புள்ளியியலிலேயே கற்பிக்கிறோம்.

அதே ஆர்ம்ஸ்ட்ராங், மால்கம் ரைட்டுடன் சேர்ந்து, தம் கட்டுரையைச் சான்று காட்டிய 50 ஆய்வுகளை எடுத்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார். 49 ஆய்வுகள் அதன் கருத்தைத் தவறாகவே எடுத்தாண்டிருந்தன. பொருத்தமில்லாத சோதனையின் அடிப்படையில் சாய்வு இல்லை என்று முடிவு செய்தவை 76 விழுக்காடு. முடிவுகளை உண்மையிலேயே திருத்தியது ஒரே ஓர் ஆய்வு. இவை பெரும்பாலும் சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வைக் கடந்து அச்சேறியவை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது, ஏனெனில் அவற்றை மதிப்பாய்வு செய்தவர்களும் என்னைப் போன்றவர்கள்தாம்.

அளவுகோலின் நம்பகத்தன்மை 0.7 இருந்தால் போதும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உளவியல் அளவீட்டு நூலாசிரியர் நன்னலியின் கதையும் இத்தகையதே. 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் 0.70 போதும் என்றது ஆய்வின் தொடக்க நிலைக்கு மட்டும். அடிப்படை ஆய்வுக்கு 0.80 என்றும், தனிமனிதர்களைப் பற்றி முக்கிய முடிவெடுக்கும் இடங்களில் குறைந்தது 0.90 என்றும் சொன்னார். 1967ஆம் ஆண்டு முதற்பதிப்பிலோ தொடக்க நிலைக்கு 0.50 முதல் 0.60 வரை போதும் என்று இருந்தது. அளவுகோல் உருவாக்கம் பற்றி 1979இல் சர்ச்சில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை எடுத்தாள்வது இந்தப் பழைய எண்ணைத்தான். ஆகவே எந்தப் பதிப்பு, எந்த நிலைக்குச் சொன்னது என்ற இரண்டும் இல்லாமல் நன்னலி பெயரை எழுதுவதில் பொருளில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 214-ஐயும் எழுத்தெண்ணிப் படிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சான்றை உருவிவிட்டால் உங்கள் வாதம் சரிந்துவிடுமோ அதைப் படித்தே ஆக வேண்டும். கருதுகோள்களைத் தாங்கும் சான்றுகள், அளவுகோலை எடுத்த இடம், எல்லை எண்களை எடுத்த இடம், நீங்கள் மறுக்கும் கட்டுரைகள் ஆகியவை அதில் அடங்கும். ‘இத்துறையில் பலரும் ஆராய்ந்துள்ளனர்’ என்று சொல்லி அடுக்கும் ஏழெட்டுப் பெயர்களில் பாதியை நீக்கிவிட்டால் ஆய்வேடு ஒன்றும் இளைத்துவிடாது.

0.46-ஐ மறைக்க வேண்டாம். நான்கு கூற்றுகளின் தனித்தனிச் சுமைகளை, அதாவது ஒவ்வொரு கூற்றும் கருத்துருவோடு எவ்வளவு இணைந்திருக்கிறது என்ற எண்களை, இங்கே தர முடியுமா?

மறுமொழி 2: நுகர்வோர் ஆய்வில் இருப்பவர்

வணக்கம் சகோதரி. ஐயா முறையியல் பகுதியை விரிவாகச் சொல்லிவிட்டார். கோட்பாட்டு இயலையும் இதே கண்ணோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள், அங்கேதான் என் கட்டுரை ஒன்று திருப்பி அனுப்பப்பட்டது.

சேவைத் தரத்தின் ஐந்து பரிமாணங்களுக்குப் பரசுராமன், ஸெய்தம்ல், பெர்ரி மூவரின் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சான்றாக எழுதியிருந்தேன். மதிப்பாய்வாளர் ஒரே வரியில் கேட்டார்: ‘அந்தக் கட்டுரையில் எத்தனை பரிமாணங்கள் உள்ளன?’ எடுத்துப் பார்த்தால் பத்து. எதிர்பார்ப்புக்கும் உணர்வுக்கும் இடையிலான இடைவெளி மாதிரி 1985இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்கில் வந்தது. 22 கூற்றுகளும் ஐந்து பரிமாணங்களும் கொண்ட செர்வ்குவால் அளவுகோல் 1988இல் ஜர்னல் ஆஃப் ரீடெய்லிங்கில் வந்தது. மூன்றாண்டு இடைவெளியில் அவர்களுடைய கருத்தே வளர்ந்திருக்கிறது. ஆண்டை மாற்றி எழுதினால் அந்த வளர்ச்சியையே அழித்துவிடுகிறோம்.

பொருளை அன்று, சேவையையே பரிமாற்றத்தின் அடிப்படையாகக் கொள்ளும் வார்கோ, லஷ் இருவருடைய சேவைமையக் கோட்பாட்டையும் இப்படியே கையாள்கிறோம். 2004ஆம் ஆண்டுக் கட்டுரையில் எட்டு அடிப்படைக் கூற்றுகள் உள்ளன. அதில் வாடிக்கையாளர் எப்போதும் ‘உடன் உற்பத்தி செய்பவர்’ என்றிருக்கிறது. ‘மதிப்பை உடன் உருவாக்குபவர்’ என்பது அவர்களே பிறகு செய்துகொண்ட திருத்தம். 2008இல் கூற்றுகள் பத்தாயின, 2016இல் பதினொன்றாயின. ‘மதிப்பு உடன் உருவாக்கப்படுகிறது (2004)’ என்று எழுதுபவர், அவர்கள் கைவிட்ட சொல்லுக்கும் ஏற்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கவில்லை என்றே பொருள்.

மூலம் கிடைக்காதபோது என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சந்தையியல் கலவை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பலரும் சந்தையியல் பாடநூலாசிரியர் கோட்லரைக் காட்டுகிறார்கள். அதை நான்கு ‘பி’க்களாக (பொருள், விலை, இடம், விளம்பரம் முதலிய ஊக்குவிப்பு) வகுத்தவர் மெக்கார்த்தி, 1960இல். கலவை என்ற எண்ணத்தை 1964இல் விளக்கி எழுதியவர் நீல் போர்டன். அவரோ, மேலாளரைப் பல பொருள்களைக் கலப்பவர் என்று ஜேம்ஸ் கலிட்டன் 1948இல் வருணித்ததிலிருந்தே தமக்கு அந்த எண்ணம் பிறந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். போர்டனைப் படித்துவிட்டு ‘கலிட்டன் (1948)’ என்று மட்டும் எழுதினால், படிக்காததைப் படித்ததாகக் காட்டிக்கொள்வதாகிறது. ‘கலிட்டன் 1948, போர்டன் 1964 வழியாக’ என்று எழுதி, பட்டியலில் போர்டனை மட்டும் சேர்ப்பதே ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போர்டன் தம் கடனைச் சொன்னது போல நாமும் நம் கடனைச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

மறுமொழி 3: கல்லூரி ஆசிரியர்

நான் சற்று மாறுபடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முறையியல் இயலில் வரும் பெயர்கள் பெரும்பாலும் வழக்கத்தின் அடையாளங்கள். ஃபோர்னெல், லார்க்கர் பெயர் இல்லாவிட்டால் மதிப்பாய்வாளரே ‘ஏன் சேர்க்கவில்லை’ என்று கேட்டு எழுதுகிறார். எனக்கே இருமுறை நடந்திருக்கிறது. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, இரவில் கட்டுரை எழுதும் ஒருவரிடம் 1981ஆம் ஆண்டுக் கட்டுரையின் துணைவினை வரை பார்க்கச் சொல்வது நியாயமா? ஒரு சோதனையின் பெயரைச் சொல்லி, அதைக் கண்டவரின் பெயரையும் சொல்வது நன்றியறிதல். அதற்கு மேல் அதில் பொருள் தேடுவது எல்லா ஆய்வையும் முடக்கிவிடும் என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற பேராசிரியர்

தம்பி, உங்கள் சுமை எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வேலை பார்த்தேன். நன்றியறிதலாக மட்டும் ஒரு பெயரைச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ‘ஃபோர்னெல், லார்க்கர் முன்மொழிந்த ஏவிஈ கணக்கிடப்பட்டது’ என்றால் அது நன்றி. ‘குறைவாக இருந்தாலும் ஏற்கலாம் என்று அவர்கள் கூறுகின்றனர்’ என்றால் அவர்கள் வாயில் ஒரு சொல்லை வைக்கிறோம். இரண்டாவது வகை வாக்கியம் எழுதும்போது மட்டும் மூலத்தைத் திறந்தால் போதும். ஓர் ஆய்வேட்டில் அத்தகைய வாக்கியங்கள் முப்பது நாற்பதுக்கு மேல் இருப்பதில்லை.

மதிப்பாய்வாளர்களைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. பெயரைக் கேட்கும் மதிப்பாய்வாளர், அந்தப் பெயர் அங்கே என்ன வேலை செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

புதிய பொருள்களில் 80 விழுக்காடு தோற்றுப்போகின்றன என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்போம்? காஸ்டெலியனும் மார்க்கமும் 2013இல் அதன் வேரைத் தேடிப் பார்த்தார்கள். அந்த எண்ணுக்கு அனுபவ ஆய்வு எதுவும் துணை நிற்கவில்லை. கிடைத்த ஆய்வுகள் காட்டிய தோல்வி ஏறத்தாழ 40 விழுக்காடுதான். ஒருவர் மற்றொருவரைச் சான்று காட்டியே அந்த 80 இத்தனை காலம் உயிரோடு இருந்திருக்கிறது. நானும் அதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இது என் மனத்தில் முள்ளாகவே தங்கிவிட்டது.

மறுமொழி 5: பல்கலைக்கழக நூலகர்

மூலக் கட்டுரை தேடி வருவோருக்கு அன்றாடம் உதவுபவள் என்ற முறையில் சில நடைமுறைக் குறிப்புகள்.

பழைய இதழ்கள் பெரும்பாலும் ஜேஸ்டோர் என்ற மின்னிதழ்க் காப்பகத்தில் உள்ளன. உங்கள் நிறுவனத்துக்கு அதன் சந்தா இல்லாவிட்டாலும் நூலகங்களுக்கிடையேயான இரவல் வழியாகக் கேட்கலாம். எங்களிடம் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதே என் ஆதங்கம்.

சான்று காட்டும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். நுகர்வோர் உணவுப் பழக்கத்தை ஆராய்வோர் நெடுங்காலம் எடுத்தாண்டவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சந்தையியல் பேராசிரியராக இருந்த பிரையன் வான்சிங்க். 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா குழும இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றன. பழைய ஆய்வேட்டைப் பார்த்துப் பட்டியலைப் படியெடுப்பவருக்கு இது தெரிய வழியில்லை. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல், டிஓஐ எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஸொடேரோ என்ற துணைநூற்பட்டியல் மென்பொருளில் பட்டியலை வைத்திருந்தால், அத்தகைய கட்டுரைக்கு அதுவே எச்சரிக்கை காட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த பட்டியலோடு வருவோரும் இப்போது பெருகிவிட்டார்கள். ஆசிரியர் பெயர் மெய், இதழ் மெய், ஆனால் அப்படியொரு கட்டுரையே இருக்காது. கட்டுரைக்கே உரிய நிலையான அடையாளமான டிஓஐ எண்ணை உலவியில் இட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நம்மவர் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலைநாட்டு முறை கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்கிறது. தந்தை பெயரைப் பின்னால் எழுதும் ஒரு தமிழ்ப் பெண் ஆய்வாளரின் உழைப்பு அவருடைய தந்தையின் பெயரால் பட்டியலில் ஏறிவிடுகிறது; தலைப்பெழுத்தை முன்னால் எழுதினால் வேறொருவராகவே பதிவாகிறது. அவர் தம் கட்டுரையில் பெயரை எப்படி அச்சிட்டிருக்கிறாரோ அதைப் பார்த்து எழுதுங்கள், மென்பொருள் தானாக நிரப்புவதை அப்படியே விடாதீர்கள். நீங்கள் எழுதும் முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் பெற்று, ஒரே வடிவத்தில் பெயரை எழுதத் தொடங்கிவிடுங்கள்.

மறுமொழி 6: ஆய்வேட்டு மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா கேட்ட சுமைகள்: 0.76, 0.74, 0.72, 0.45. கடைசியாக உள்ளது, ‘இந்த விற்பனையாளர் புடவையைப் பற்றித் தவறான தகவல் தந்துவிடுவாரோ என்ற அச்சம் எனக்கு இல்லை’ என்ற கூற்று. வினாநிரலை நிரப்பும்போதே சிலர் ‘இல்லை என்பதற்கு ஆம் போட வேண்டுமா’ என்று கேட்டது இப்போது நினைவுக்கு வருகிறது.

மறுமொழி 7: ஓய்வுபெற்ற பேராசிரியர்

அப்படியானால் கோளாறு அந்தக் கூற்றின் வாக்கிய அமைப்பில் இருக்கிறது, அம்மா. எதிர்மறையும் ‘ஆம்’ என்ற ஒப்புதலும் மோதிக்கொள்கின்றன. ஓசையின்றி நீக்கிவிடாதீர்கள். நான்கு கூற்றுகளோடு வந்த எண்களையும், அதை நீக்கியபின் வரும் எண்களையும் அடுத்தடுத்துக் கொடுத்து, நீக்கியதன் காரணத்தையும் எழுதுங்கள். விற்பனையாளரின் நேர்மையைத் தொட்டது அந்த ஒரு கூற்றுதானா என்றும் பாருங்கள். ஆம் என்றால், எஞ்சிய மூன்றும் நம்பிக்கையின் ஒரு பகுதியை மட்டுமே அளக்கின்றன என்று வரம்புகள் பகுதியில் ஒப்புக்கொள்ள வேண்டும். நெறியாளரிடம் அவர் தவறு செய்ததாகப் பேச வேண்டாம். மூலக் கட்டுரையின் அந்தப் பக்கத்தோடு பழைய பத்தியையும் திருத்திய பத்தியையும் ஒன்றாக அவர் முன் வைத்து, ‘ஐயா, புறத்தேர்வாளர் கேட்டால் எந்தப் பத்தியைச் சொல்லித் தற்காத்துக்கொள்வது எளிது?’ என்று கேளுங்கள்.

மறுமொழி 8: ஆய்வேட்டு மாணவி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நீக்கிப் பார்த்ததில் ஏவிஈ 0.55, கூட்டு நம்பகத்தன்மை 0.78. நேர்மையைத் தொடும் கூற்று அது ஒன்றுதான். எனவே வரம்புகள் பகுதியில் ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. பெயர் சொல்லி ‘கூறுகின்றனர்’ என்று முடியும் வாக்கியங்களை மட்டும் தேடி எடுத்தேன், 37 இருந்தன. மூலத்தோடு ஒப்பிட்டதில் ஒன்பதை மாற்ற வேண்டியிருந்தது, நான்கை முற்றாக நீக்கினேன். என் ஆய்வேட்டிலும் இருந்த ஆர்ம்ஸ்ட்ராங், ஓவர்டன் பத்தியை இன்னும் திருத்தி முடிக்கவில்லை, ஏனெனில் எந்தப் பதில் எந்த நாளில் வந்தது என்ற குறிப்பைத் தேடியெடுத்து அலைகளாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

நெறியாளர் இரண்டு பத்திகளையும் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, அந்த 1981ஆம் ஆண்டுக் கட்டுரையின் படியைத் தமக்கும் அனுப்பச் சொன்னார்.